மைக் அண்ணனின் முன்பற்கள்

தங்கச்சியின் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், அவளுடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் மைக் அண்ணன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. "நீ போய் அவர் பக்கத்துல உக்காரு. நான் சொன்னாலும் நீ சொன்னாலும் வண்டி கிளம்பத்தான் போகுது" என்றதோடு சரி. கூடுதல் சம்பளம் வந்த அன்று, அதை அப்படியே மடித்து நோயாளியின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

கூடப்பிறந்தவர்கள் அல்ல. பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காருகிறவர்கள். மூட்டை தூக்கத்தான் அங்கே வந்தார் அண்ணன். ஒருநாள் ஒலிபெருக்கி பழுதாகிவிட, வெளியே நின்று ஊர்ப்பெயர்களைக் கூவினார். கடைசி நடைமேடை வரை கேட்டது. அன்றிலிருந்து அந்த நாற்காலி. கல்யாணம் காட்சி கிடையாது. "குரல்தான் எனக்குச் சோறு போடுற பிள்ளை" என்பார்.

அந்தப் பிள்ளைக்குத்தான் கேடு வந்தது. மேல்வரிசை முன்பற்கள் ஆடின. ஈறுகளில் சீழ் கட்டியது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் நடுவே கன்னத்தைப் பொத்திக்கொண்டு மேசையில் சாய்ந்து கிடந்தார். தங்கச்சிதான் அரசு பல் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

"பிடுங்குறது இலவசம். காப்பாத்தணும்னா பணம் கட்டணும், பல் செட்டுக்கும் அப்படித்தான்" என்றார் டாக்டரம்மா. "வருமானம் கம்மின்னா உதவி கிடைக்கும். சம்பளச் சீட்டோட கவுண்டருக்குப் போங்க."

கவுண்டர்காரர் சீட்டுகளைப் புரட்டினார். "இந்த ஒரு மாசம் வரம்பைத் தாண்டிடுச்சே, ஐயா."

எந்த மாதம் என்று தங்கச்சி எட்டிப் பார்த்தாள். அவள் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம். "சார், அது என்னோட வேலைங்க. அந்தப் பணத்தையும் எங்களுக்குத்தான் குடுத்தாரு."

"குடுத்ததுக்கு ரசீது இருக்காம்மா?"

"தலையணைக்கு அடியில வைக்கிறவங்க ரசீது கேப்பாங்களா சார்?"

அவர் முகத்திலும் சங்கடம். "எனக்குப் புரியுது. கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா. அந்த மாசம் கணக்குலேர்ந்து கழிஞ்சதும் வாங்க."

சீழ் அதுவரை பொறுக்குமா? தங்கச்சி கடன் கேட்காத இடமில்லை. அவள் காதில் கிடந்த தோடு ஏற்கெனவே கணவனின் மருந்துக்குப் போயிருந்தது. அறிவிப்பு அறைக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "கடவுளே, நல்லது செஞ்சவருக்கா இந்தக் கூலி" என்று அழுதாள்.

அண்ணன் கையமர்த்தினார். "அவரை ஏன் இழுக்குற? அவரா கவுண்டர்ல உக்காந்திருந்தாரு?"

வீக்கம் கண்வரை ஏறி, காய்ச்சலும் கண்டது. வேறு வழியில்லாமல் பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். பல் செட்டுக்குப் பணம் ஏது?

திரும்பி வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார். காற்று வந்தது, ஊர்ப்பெயர்கள் வரவில்லை. பயணிகள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். மேலாளர் தலையைக் குனிந்தபடி, "கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தமென்பது பக்கத்தில் நின்ற தங்கச்சிக்கும் தெரியும்.

வெளியூரிலிருந்த தன் அக்கா வீட்டோடு போய்விடுவதென்று அண்ணன் முடிவு செய்தார். புறப்பட்ட அன்று துணிப்பையோடு அறை வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. ஒரு கையில் மைக்கைப் பிடித்திருந்த தங்கச்சி, மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"அழுதுக்கிட்டே சொல்லாத, தங்கச்சி. நான் போற வண்டி. ஊர்ப்பேரு தெளிவா விழணும்."