கெடுக்க என்ன வெச்சிருக்கீங்க?

“உங்க கடையில ஒரு பிள்ளை கெடுக்கிறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?”

இதைக் கேட்டுவிட்டுத்தான் டீச்சர் கைப்பையைக் கீழே வைப்பார். பெயர், பள்ளி, வந்த காரியம் எல்லாம் அதற்குப் பிறகு. கேள்வி காதில் விழுந்த கடைக்காரர், வேறு யாரையோ கேட்கிறார்களோ என்று முதலில் பின்னால் திரும்பிப் பார்ப்பார். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்ப்பார். அதில் விளையாட்டு இருக்காது.

கோடை விடுமுறை நெருங்கினால் டீச்சருக்கு இந்த அலைச்சல். மேல்வகுப்புப் பிள்ளைகள் விடுமுறையில் ஆளுக்கொரு வேலையிடத்துக்குப் போய், ஒரு வாரம் கை வைத்துச் செய்து பார்க்க வேண்டும். இது அவராகத் தொடங்கிய ஏற்பாடு. பள்ளியில் அவர் சொல்லித்தருவது இயற்பியல். இந்த ஏற்பாட்டுக்குப் பள்ளி கொடுத்திருப்பது, “நல்ல விஷயம், நடத்துங்க” என்ற தலைமையாசிரியரின் ஒரு வாக்கியம் மட்டும். இடம் பிடிப்பதும் பெற்றோரைச் சமாளிப்பதும் அழுகிற பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் டீச்சர் தலையில். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘நாசம் டீச்சர்’. அது அவருக்குத் தெரியும். ஒருநாள் கரும்பலகையில் யாரோ அப்படி எழுதி வைத்திருந்தார்கள். “கடைசி பெஞ்சுக்குத் தெரியாது, இன்னும் பெருசா எழுதியிருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு அதற்குக் கீழேயே பாடத்தைத் தொடங்கினார்.

அவருடைய கேள்விக்கு வரும் பதிலை வைத்தே ஒரு இடத்தை எடை போட்டுவிடுவார். பேக்கரிக்காரர் மாவு படிந்த புருவத்தைச் சொறிந்துகொண்டு, “முதல் தட்டு எப்பவுமே கருகத்தான் செய்யும். அதை அவன் கருக்கட்டும்,” என்றார். தேறினார். கால்நடை மருத்துவர், “என் நாய்க்குக் கட்டுப் போட்டுப் பழகட்டும். கடிக்காது, முறைக்கும், அவ்வளவுதான்,” என்றார். அவரும் தேறினார். பளபளவென்றிருந்த ஒரு பெரிய அலுவலகத்தில் மேலாளர் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, “எங்ககிட்ட எதுவுமே கெடாது மேடம். பிள்ளைங்க ஏசியில உட்கார்ந்து எல்லாத்தையும் பார்க்கலாம்,” என்றார். டீச்சர் தண்ணீரை முழுதாகக் குடித்து முடித்தார். “பார்க்கிறதுக்கு வீட்ல டிவி இருக்கு சார்,” என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார்.

இடம் தேறினால் மட்டும் போதாது. பிள்ளையை அனுப்பும் முன் டீச்சரே அங்கே அரை நாள் வேலை செய்து பார்ப்பார். அதனால் கோடை வந்தால் அவர் கையில் பிளாஸ்திரி ஒட்டாத விரலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அச்சகத்து மை நகக்கண்ணில் ஏறிக்கொண்டு பள்ளி திறந்த பிறகும் இறங்காது. போன வருடம் வெல்டிங் பட்டறையில், முகமூடியை அவசரப்பட்டுத் தூக்கியதில் ஒரு பொறி தெறித்து அவருடைய மூக்குக்கண்ணாடியின் இடது பக்கத்தில் கடுகளவு வடுவைப் போட்டது. அதோடுதான் அந்த வருடம் முழுக்கப் பாடம் நடத்தினார். கணவருக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. விடுமுறை தொடங்கும் அன்று காலையில் மனைவி கையில் காபியைக் கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்பார்: “இந்த வருஷம் எந்த விரல்?”

படிக்கிற பிள்ளைகளை ஏன் இப்படிப் பட்டறை பட்டறையாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பதில் கொஞ்சம் நீளம்.

“நான் பெரிய படிப்பு படிச்சவ. பெருமையாவேதான் சொல்றேன். எனக்கு முன்னாடி எங்க வீட்ல யாரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. பட்டம் வாங்கிட்டு வந்த அன்னிக்கு எங்கப்பா அந்தக் காகிதத்தைத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவிட்டு வந்தாரு. ஆனா எதைப் படிக்கிறதுன்னு எப்படி முடிவு பண்ணேன் தெரியுமா? அட்மிஷன் அன்னிக்கு எந்தக் கவுண்டர்ல வரிசை குட்டையா இருந்துச்சோ அதுல போய் நின்னேன். எங்க ஊர்ல நான் கண்ணால பார்த்த வேலைன்னா டீச்சர், நர்ஸ், போலீஸ், கண்டக்டர். மீதி உலகம் எப்படி ஓடுதுன்னு யாரு எனக்குக் காட்டினா? ஏதோ என் அதிர்ஷ்டம், அந்த வரிசை பிசிக்ஸா இருந்துச்சு, எனக்கும் பிடிச்சுப்போச்சு. எல்லாப் பிள்ளையையும் அதிர்ஷ்டத்தை நம்பி விட முடியுமா?”

இந்த வருடம் எல்லாருக்கும் இடம் அமைந்துவிட்டது, ஒருத்தியைத் தவிர. தடித்த கண்ணாடி போட்ட பெண். வகுப்பில் அவளுக்குச் ‘சோடாபுட்டி’ என்ற பேர் ஒட்டிக்கொண்டு பல வருடங்களாகிவிட்டன. பேசத் தொடங்கும் முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பாள். பேசி முடித்ததும் மறுபடி துடைப்பாள். சிறு வயதிலிருந்தே அம்மா “துடைச்சுப் போடு, துடைச்சுப் போடு” என்று சொல்லிச் சொல்லி அது கைக்குப் பழகிப்போனது. வீட்டில் காய் நறுக்கும் கத்தி அவள் கைக்கு வராது, இஸ்திரிப் பெட்டி வராது. பள்ளிச் சோதனைக்கூடத்திலும் கூட்டாளிகள், “நீ எழுதிக்கோ, நாங்க செஞ்சுக்கறோம்,” என்று அமிலக் குப்பியை அவளுக்கு எட்டாமல் நகர்த்திவிடுவார்கள்.

“உனக்கு எங்க போகணும்?” என்று டீச்சர் கேட்டார்.

“கண்ணாடிக் கடைக்கு டீச்சர்.” துடைத்தாள். “முன்னாடி விக்கிற இடம் இல்ல. பின்னாடி, லென்ஸ் அரைக்கிற இடம். விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இதை மூக்குல தூக்கிட்டுத் திரியறேன். ஒரு தடவையாவது என் கையால செஞ்சு பார்க்கணும்.”

அவள் அப்பா அதற்குள் வேறொன்று முடிவு செய்திருந்தார். திங்கட்கிழமைக்குள் இடம் கிடைக்காவிட்டால் அத்தையின் துணிக்கடை. “ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே இருக்கலாம் டீச்சர், கண்ணுக்கும் சிரமம் இல்ல,” என்றார் தொலைபேசியில். தலைமையாசிரியரும், “ஒரு பிள்ளைதானே, லைப்ரரியில உட்கார வையுங்களேன்,” என்றார். ‘உட்கார’ என்ற சொல்லைக் கேட்டாலே டீச்சருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் மற்ற கண்ணாடிக் கடைகள் லென்ஸை வெளியே கொடுத்து அரைத்து வாங்குகிறவை. கடைத்தெரு முனையில் ஒரே ஒருவர் மட்டும் பின்னறையில் தானே அரைக்கிறார். ஒல்லியான மனிதர். பேசும்போது எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டார், கண்ணாடியைப் பார்ப்பார். டீச்சரின் கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை.

“ஒண்ணும் இல்ல. ஒரு லென்ஸ்னா ஒரு ஆளோட கண்ணு டீச்சர். யாரோட கண்ணைக் கெடுக்கச் சொல்றீங்க?”

இத்தனை வருடங்களில் அவர் வாயடைத்துப் படியிறங்கியது அங்கேதான். வீட்டுக்கு வந்து கணவரிடம், “சரியான ஆளு. அவளை இவர்கிட்டதான் விடணும்,” என்றார்.

“அவர்தான் முடியாதுன்னுட்டாரே?”

“அதனாலதான் சொல்றேன்.”

மறுநாள் போய், “பிள்ளையை விடுங்க, என்னைச் செய்ய விடுங்க,” என்று பின்னறைக்குள் நுழைந்துவிட்டார். தடுக்க வழியில்லாமல் கடைக்காரர் கழித்துப்போட்ட லென்ஸ் ஒன்றைக் கொடுத்தார். பவர் பார்க்கும் கருவியில் அதை வைத்து, மையால் மூன்று புள்ளிகள் வைத்துக் காட்டினார். “சில கண்ணுக்கு லென்ஸை இந்தச் சாய்வுலதான் வைக்கணும்னு இருக்கு. உங்க இடது கண்ணுகூட அந்த ரகம்தான். இந்த மூணு புள்ளியும் நேரா உட்காரணும். உட்காரலைன்னா எழுத்தெல்லாம் கசங்கித் தெரியும். அரைச்சதுக்கப்புறம் திருப்ப முடியாது.” டீச்சர் அரைத்தார். லென்ஸ் பிழைத்தது. கட்டைவிரலுக்குப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டியிருந்தது.

பிளாஸ்திரியைப் பார்த்ததும் கடைக்காரர் இளகினார். “சரி, அனுப்பி வையுங்க. கழிச்சுப்போட்ட லென்ஸ் டப்பா நிறையக் கிடக்கு. அதை வெச்சு அரைச்சிட்டு இருக்கட்டும்.”

இன்னொருவராக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பார்.

“பழகறதுக்கு அது போதும் அண்ணே. முடிக்கிறதுக்கு?” என்றார் டீச்சர். “யாருமே போடாத லென்ஸை அவ தப்பா அரைச்சா, தப்புன்னு யாரு சொல்றது? சரியா அரைச்சாத்தான் யாரு சொல்றது?”

“அதுக்காக கஸ்டமர் லென்ஸை எடுத்து...”

“கஸ்டமர் லென்ஸ்தான்.” டீச்சர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “இடது பக்கம் வடு இருக்கு பாருங்க. எப்படியும் மாத்தணும். புதுசை அவ அரைச்சு மாட்டட்டும். கெட்டா என் கண்ணுதானே?”

“வேற கண்ணாடி இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் வீட்டுக்கு எப்படிப் போவீங்க?”

“பஸ் நம்பரை யாரையாவது கேட்டுக்கறேன். இது இங்கயே கிடக்கட்டும். எடுத்துட்டுப் போனா நீங்க மனசு மாறிடுவீங்க.”

அந்த வாரம் டீச்சர் பட்ட பாட்டைக் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மற்ற பிள்ளைகளைப் பார்க்கக் கடை கடையாகப் போகும் வழக்கத்தை அவர் விடவில்லை. கண்ணாடி இல்லாத முகத்தோடு ஒருநாள் பூட்டுக்கடை என்று நினைத்துப் பக்கத்துப் படியில் ஏறி, “எங்க பிள்ளை இன்னிக்கு என்னத்தைக் கெடுத்தான்?” என்று கேட்டிருக்கிறார். அது காவல் நிலையம். “எந்தப் பிள்ளைம்மா? இங்க நிறையப் பேர் இருக்காங்க,” என்றாராம் காவலர்.

கண்ணாடிக் கடைக்கு மட்டும் அவர் போகவில்லை. போனால் அவள் கை நடுங்கும் என்று நினைத்தார். ஆனால் கடைக்காரர் ஒருமுறை தொலைபேசியில், “தலையெல்லாம் வெள்ளைத் தூள். சாப்பிடக் கூப்பிட்டா வர மாட்டேங்கறா,” என்று முறையிட்டார். முறையீடு போலவே இல்லை.

வாரத்தின் கடைசி நாள் மாலையில் போனார். பின்னறை வாசலில் வெள்ளையாக ஒரு உருவம் மங்கலாகத் தெரிந்தது. அது நீட்டிய கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். உருவத்துக்கு மூக்கு வந்தது, தடித்த கண்ணாடி வந்தது. வலது கண்ணுக்கு எல்லாம் சரி. இடது கண்ணுக்கு, கதவில் தொங்கிய பலகையின் எழுத்துகள் கசங்கிக் கிடந்தன.

டீச்சரின் புருவம் சுருங்கியது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை வாங்கிக் கருவியில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

“புள்ளியைத் துடைச்சிட்டேன் டீச்சர்,” என்றாள் பெண். “வேணும்னு இல்ல. மை அழுக்கா இருந்துச்சா, கை தானா சட்டைக்குப் போயிடுச்சு. கடை அண்ணன் முன்பக்கம் கூட்டத்துல இருந்தாரு. கூப்பிட்டா லென்ஸை வாங்கி வெச்சிடுவாரோன்னு பயம். கண்ணாலயே அளந்து வெச்சு அரைச்சிட்டேன்.”

“நான் அன்னிக்கே சொன்னேனே டீச்சர்...” என்று தொடங்கிய கடைக்காரர் லென்ஸின் விளிம்பில் விரலை ஓட்டினார். குரல் இறங்கியது. “அரைச்சது என்னமோ கச்சிதம்தான். நான் அரைச்சா எப்படி இருக்குமோ அப்படியே இருக்கு. சாய்வுதான் போச்சு. விடுங்க, இப்போதைக்குப் பழைய லென்ஸையே மாட்டித் தரேன். புதுசு வந்ததும் நானே அரைச்சுப் போட்டு வைக்கறேன்.”

“அப்பா சொன்னது சரிதான் போல,” என்றாள் பெண். “நான் அத்தை கடைக்கே போயிடறேன் டீச்சர்.” தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனிக்குக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்திக் கையை இறக்கினாள்.

“புது லென்ஸ் எப்ப அண்ணே வரும்?” என்று கேட்டார் டீச்சர்.

“திங்கக்கிழமை காலையில வந்துடும்.”

டீச்சர் அவர் கையிலிருந்து கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். பழைய லென்ஸை மாட்டுவதற்காகக் கடைக்காரர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரலால் கண்ணாடியின் ஒரு காதுக்கம்பியை மெல்ல மேலே தூக்கினார். இன்னும் கொஞ்சம் தூக்கினார். முகத்தில் கண்ணாடி முழுக்கக் கோணலாக உட்கார்ந்தது. கசங்கிய எழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கதவுப் பலகையை வகுப்பில் வாசிக்கும் குரலில் வாசித்தார்:

“திங்கள் முதல் சனி வரை. காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கப்படும்.”

பெண்ணின் பக்கம் திரும்பினார். “ஒன்பதுன்னு போட்டிருக்கு. லேட்டா போய் நிக்காதே. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.”

“வாரம் முடிஞ்சுபோச்சே டீச்சர்?” என்றார் கடைக்காரர்.

“என் கண்ணாடி முடியலையே அண்ணே.”

தெருவில் இறங்கி நடந்தார். எதிரே வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிக் கடந்து போனார்கள். பேருந்து வந்து நின்றது. எண்ணை யாரையும் கேட்காமல் அவரே படித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி குலுங்கியதில் கண்ணாடி சரிந்து நேராக வந்து நின்றது. டீச்சர் கட்டைவிரலை உயர்த்தி அதை மறுபடி கோணலாக்கிக்கொண்டார்.