தோளுக்குள் நீந்திய ஊசிமுனை

ஷூவின் மேல்பாகம் தைப்பவளுக்கு மிஷின் தேய்வதற்கு முன்னால் தோள் தேய்ந்துவிடும். கழுத்தைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

காணாமல் போனது

எங்கள் ஆம்பூர் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி தருவார்கள். ஷூவுக்குள் ஒரு துண்டு தங்கினால் யார் காலையோ குத்துமே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் ஊசி உடைந்தபோது முனை மட்டும் கிடைக்கவில்லை. காந்தம் வைத்து லைன் முழுக்கத் தேடினோம். அந்த வாரம்தான் வலது தோளில் வலி ஆரம்பித்தது.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடினால், அந்த முனை எனக்குள் குட்டி மீன் மாதிரி நீந்தும். பஸ் மாதனூரைத் தாண்டும்போது கழுத்தில் இருக்கும், ஆம்பூர் வருவதற்குள் முழங்கைக்கு வந்துவிடும். பக்கத்து மிஷின் நூர்ஜஹானிடம் சொன்னேன். அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அதையும் எடுத்து நோட்டுல ஒட்டிடு, கணக்கு முடிஞ்சிடும்."

பீப் சத்தம்

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்து, தசை எதுவும் கிழியவில்லை என்றார். நான் நம்பவில்லை. அதற்குள் சூப்பர்வைசர், ஒரு மாதத்தில் பழையபடி தைக்காவிட்டால் நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். இருபது வருஷமாக உட்காரும் மிஷின் அது.

பேக்கிங்கில் ஊசி கண்டுபிடிக்கும் டிடெக்டரைப் பார்த்துக்கொள்பவர் பஷீர் பாய். சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கெஞ்சி, கையில் பிடிக்கும் டிடெக்டரைத் தோள்மேல் ஓட்டச் சொன்னேன். பீப் என்றது. நூர்ஜஹான் வந்து என் மேல்கோட்டை விலக்கினாள். உள்ளே, சேலைத் தலைப்பில் குத்திய ஊக்கு. அதைக் கழற்றியதும் டிடெக்டர் அமைதியாகிவிட்டது. பாய் என்னையே பார்த்தார்: "இன்னாக்கா, கத்துனா நம்புற, சும்மா இருந்தா நம்ப மாட்டேன்ற?"

கணியம்பாடிப் பெண்

ஊசி இல்லை என்றான பிறகும் வலி போகவில்லை. தலை வாரக்கூடக் கையைத் தூக்காமல் பொத்திப் பொத்தி வைத்தேன். ஃபேன் காற்று பட்டாலே வலித்தது. வேலூரில் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே பயிற்சி கொடுக்கும் கணியம்பாடி ஊர்ப் பெண் என் வேலையைப் பற்றிக் கேட்டாள். டிடெக்டர் கதையைச் சொன்னேன். ஒரு தடவை பேக்கிங் டிடெக்டரின் உணர்திறனை யாரோ ரொம்பக் கூட்டி வைத்துவிட்டதால், வெறும் பெட்டி போனால்கூடக் கத்தி லைனை நிறுத்தியதையும் சொன்னேன்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். நரம்பும் அப்படித்தானாம். ரொம்ப நாள் வலித்தால் கூட்டி வைத்த மாதிரி ஆகி, சின்னதுக்கெல்லாம் கத்துமாம். பொத்தி வைத்தால் இன்னும் பயப்படுமாம். தினம் கொஞ்சம் தூக்கணும், நடக்கணும், நல்லாத் தூங்கணும், ஒரு நாள் ஜாஸ்தியானால் பதறக் கூடாது. "அப்போ என் வலி பொய்யா?" என்று கேட்டேன். "வலி நெசம்தாம்மா. ஊசிதான் இல்ல."

இரண்டு நிமிஷம்

மணிக்கொரு தடவை எழுந்து ஜன்னல் பக்கம் போய் இரண்டு நிமிஷம் கையை மெல்லத் தூக்குவேன். வெளியே வெயிலில் பாலாற்று மணல் தண்ணீர் மாதிரி மின்னும். மிஷின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கும். இந்த முறை நீந்துவது நான்தான் என்று தோன்றும். இரண்டாவது வாரம் நூர்ஜஹான் பக்கத்தில் வந்து நின்று கையைத் தூக்கினாள். அப்புறம் பின் வரிசை முழுக்க எழுந்தது.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் நான் தைத்த ஜோடிகளைப் புரட்டிப் பார்த்தார். வலி போச்சா என்று கேட்டார். "போவல சார், கம்மியா கத்துது" என்றேன். ஜோடிகளை அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கும் இங்கியே குந்துக்கா. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல கைய தூக்காதீங்க, மொதலாளி ஸ்ட்ரைக்னு நெனச்சுக்குவாரு."

என்னைவிட அதிகமாகக் கவலைப்படுகிற ஒருத்தி இந்த ஊரில் இருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை, அவள் நரம்பு என்ற பேரில் என் வலது தோளிலேயே குடியிருந்திருக்கிறாள்.