மோரிப் கடற்கரைக்கு ஒரு மோரிஸ் மைனர்

திருச்சியில் விமானம் ஏறும்போது என் கைப்பையில் ஒரு காந்தம் மட்டும்தான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரைச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பழைய கார் பார்க்கப் போகிறவனுக்கு இரண்டும் வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒட்டிய இடத்தையும் நம்ப முடியாது, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். திருச்சியில் எனக்கு ஒரு சின்ன வொர்க்‌ஷாப் இருக்கிறது. பழைய இங்கிலீஷ் கார்கள் எப்போதாவது வரும். துருவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல். வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். என் தங்கை புஷ்பாவைக் கட்டிக்கொடுத்த வீடு அங்கேதான், ஒரு பழைய அடுக்குமாடியின் நான்காவது மாடியில். அவள் கணவர் ரவி அங்கேயே பிறந்து வளர்ந்தவர். மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கிச் சரிசெய்து ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"கிள்ளான்ல ஒண்ணு இருக்கு மச்சான். வெளிய பார்த்தா அழகா இருக்கு. அதான் பயமா இருக்கு லா," என்றார், நான் இடியாப்பத்தை முடிப்பதற்குள்.

செவ்வாய்க்கிழமை காலை ரவியின் வேனில் புறப்பட்டோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். மேற்கே போகப் போகக் காற்றில் ஈரம் கூடிக்கொண்டே வந்தது. கிள்ளானை அடைந்தபோது வேனின் கைப்பிடிகூட வியர்த்திருந்தது. துறைமுகம் பக்கம்தான் என்றார் ரவி. இந்தக் காற்றில் ஒரு கார் அறுபது வருடம் நின்றிருக்கிறது என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

வீடு ஒற்றை மாடிக் கட்டடம். பக்கத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை. வீட்டுக்காரர் திருமதி தவமணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்துக் குடும்பம். மெலிந்த உருவம், வெள்ளைப் புள்ளி போட்ட கவுன். சமையலறை வாசலில் நின்று கொட்டகையைக் கையால் காட்டினார். வாசற்படியை விட்டு அவர் இறங்கவில்லை.

"அவர் போய் மூணு வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் யாரும் தொடல்ல," என்றார்.

இளம்பச்சை நிறக் கார். நான்கு டயர்களும் காற்றிறங்கி அமுங்கியிருந்தன. கண்ணாடிகள் எல்லாம் உட்பக்கமாகப் பனி பூத்திருந்தன, குளிர்காலத்தில் மூடிய வண்டிக்குள் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் பூக்குமே, அப்படி. அடித்தளத்தில் ஓட்டை விழுந்திருந்தால் தரையின் ஈரம் உள்ளே ஏறி இப்படி ஆகும். ரவியிடம் அதைத்தான் சொன்னேன்.

ஓட்டுநர் பக்கக் கதவு ஒரே இழுப்பில் திறந்தது. டாஷ்போர்டில் விரல் ஆழத்துக்குத் தூசு. பின்சீட்டில் பூஞ்சணம். பக்கத்து சீட்டிலும் தூசு. ஓட்டுநர் சீட்டில் மட்டும் தூசு இல்லை. ஒருவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. கையால் தட்டி மேலே எழுப்பப் பார்த்தேன், பள்ளம் எழவில்லை. தோல் லேசாகக் கதகதப்பாக இருந்தது. கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் கண்ணாடிக்குள் விழுந்திருக்கும் என்று அண்ணாந்து பார்த்தேன். அந்த இடத்தில் கூரையில் ஓட்டை இல்லை.

துரு நான் எதிர்பார்த்த இடங்களில் எல்லாம் இருந்தது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டத்தில் காந்தம் ஒட்டவே இல்லை. ரவியிடம் வாங்கிய ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. ஆனால் என்ஜின், கியர்பாக்ஸ், கதவுகள், முகப்பு எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. செய்யலாம் என்றேன். ரவி முகம் மலர்ந்தது.

விலை பேசப் போனால் திருமதி தவமணி அதைப் பேசவே விடவில்லை. "நீங்க சொல்றதே சரி. இன்னைக்கே எடுத்துடுவீங்களா, தம்பி? சாயந்திரத்துக்கு முன்னால?"

மணியம் என்ற ஓட்டுநர், ஓடாத வண்டிகளை ஏற்றிப் போகும் டோ லோரியோடு வந்தார். வின்ச் கம்பியில் காரை இழுத்து ஏற்றும்போது அடியிலிருந்து துருச் செதில்கள் சரசரவென்று உதிர்ந்தன. கார் நின்ற இடத்தில் சிமென்டுத் தரையில் அதன் உருவம் பழுப்பாக அச்சு விழுந்திருந்தது.

சுங்கை வேயில் ரவியின் நண்பர் வொர்க்‌ஷாப்பில் ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அன்று பிற்பகலே காருக்குள் விரித்திருந்த கம்பளத்தை உரித்தோம். கீழே தகடு இல்லை, வொர்க்‌ஷாப் தரை தெரிந்தது. பக்கத்துப் பெட்டிச் சட்டத்தைத் திறந்தால் பழைய தகட்டின்மேல் ஒரு தகடு, அதன்மேல் இன்னொன்று, நடுவே தார். யாரோ பல வருடங்களாக இந்தக் காரைச் சாகவிடாமல் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நேரே வெட்டினால் கார் நடுவில் மடங்கிவிடும். அதனால் இரண்டு கதவு வாய்களிலும் இரும்புக் கோணங்களைக் குறுக்கே வைத்து போல்ட் போட்டு முடுக்கினேன். மறுநாள் வெட்டத் தொடங்கலாம் என்று கிளம்பினோம்.

புதன்கிழமை மாலை கிரைண்டரைக் கையில் எடுத்தபோது ரவியின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, வண்டி உங்ககிட்டதானே இருக்கு?" திருமதி தவமணியின் குரல்.

"இங்கதான் ஆன்டி இருக்கு. ஏன்?"

"வெட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப வெட்டாதீங்க. நாளைக்கு வாங்க. டீ குடிக்கிற நேரத்துக்கு வாங்க."

வியாழன் மாலை போனோம். வீட்டுக்குள் அட்டைப் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. மெல்பர்னில் இருக்கும் மகளிடம் போகிறாராம், ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வீட்டை விற்றாகிவிட்டது. பெட்டிகளுக்கு நடுவே மூன்று நாற்காலிகள் மட்டும் மிச்சம். டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டினார்.

எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. பிறகு கொட்டகைப் பக்கமிருந்து அது கேட்டது. தகர டப்பா மூடியை உள்ளங்கையால் அழுத்தியது போல ஒரு சத்தம், தொடர்ந்து ஒரு சின்னக் 'க்ளிக்'. முந்தின இரண்டு நாளும் அந்தக் காரின் கதவை நான் திறந்து சாத்திக்கொண்டே இருந்தவன். அந்த 'க்ளிக்' தாழ்ப்பாளின் தேய்ந்த நாக்கு கடைசியாக விழுகிற சத்தம். வேறு கார் அப்படிச் சாத்தாது.

எழுந்து கொட்டகைக்குப் போனேன். வெறும் தரை, பழுப்பு அச்சு. தெருவில் ஒரு வண்டியும் இல்லை. திரும்பி வந்தபோது என் டீ ஆறியிருந்தது. ரவி நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

"கேட்டுச்சா?" என்றார் திருமதி தவமணி.

"கேட்டுச்சு."

"அப்ப எனக்குப் புத்தி பிசகல்ல." அவர் தோள் தளர்ந்தது.

பிறகு சொன்னார். கணவர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். கடைசி இரண்டு வருடம் நினைவு போய்விட்டது. யாரையும் தெரியாது, வீடும் தெரியாது, அந்தக் காரை மட்டும் தெரியும். தினமும் மாலையில் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். மோரிப்புக்குப் போகலாம் என்பார். கல்யாணமான புதிதில் இருவரும் அந்தக் காரில் போன முதல் இடம் அது.

"வண்டி ஓடாது. நான் பக்கத்துல உட்கார்ந்து வழி சொல்லுவேன். இப்ப தெலுக் பங்ளிமா காராங் தாண்டிட்டோம், இப்ப ஜென்ஜாரோம், இப்ப பந்திங் வருதுன்னு. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிட்டே இருப்பார். ஆனா மோரிப் வர்றதுக்குள்ள இருட்டிடும், கொசு வந்திடும். நாளைக்குப் போகலாம்னு சொல்லி இறக்கிடுவேன். ஒரு நாள்கூடப் போய்ச் சேரல்ல."

"அவர் போன மறுவாரமே இந்தச் சத்தம் தொடங்கிடுச்சு. வண்டி போனா சத்தமும் போயிடும்னு நினைச்சேன். அது போகல்ல. நான் ஞாயிற்றுக்கிழமை ப்ளேன் ஏறிட்டா, இங்க வந்து யார் அவருக்கு வழி சொல்றது?"

ரவி தயங்கித் தயங்கிக் கேட்டார். "வண்டிய திரும்பக் கொண்டு வந்துடவா ஆன்டி? எனக்கு வேணாம்னாலும் பரவால்ல."

"கொண்டு வந்து இங்க நிறுத்தாதீங்க. மோரிப்புக்குக் கொண்டு போங்க. ஓட வேணாம், லோரியிலயே போகட்டும். நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். மணியம் லோரியில் காரை நேராக நிறுத்திச் சங்கிலி போட்டுக் கட்டினார். கிள்ளான் வீட்டு வாசலில் லோரியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்ன திருமதி தவமணி, சேலை கட்டிக்கொண்டு வந்து, மணியத்தின் பக்கத்து சீட்டில் ஏறினார். நானும் ரவியும் வேனில் பின்னால் போனோம். கிள்ளானிலிருந்து மோரிப் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்கள், வரிசைக்குள் வரிசையாக, நடுவில் இருட்டு. வெயில் அடித்துக்கொண்டிருந்தும் அந்த மரங்களுக்குள் வெயில் இறங்கவில்லை. முன்னால் லோரியின்மேல் பச்சைக் கார் மெல்ல ஆடிக்கொண்டு போனது. பின் கண்ணாடி மறுபடியும் பனி பூத்திருந்தது. அடித்தளமே இல்லாத கார், நான்கு பக்கமும் காற்றடிக்கிறது, அதில் எப்படிப் பனி பூக்கும் என்று ரவி கேட்டார்.

பந்திங் ஊருக்குள் நுழைந்தோம். அந்தக் கால மோரிஸ் மைனரில் திரும்பும்போது விளக்கு மின்னாது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து சாண் நீளத்தில் ஓர் ஆரஞ்சுக் கை எழுந்து வெளியே நீளும். இந்தக் காரில் பேட்டரி இல்லை. அந்தக் கைக்குப் போகும் கம்பிகளை எலி தின்றிருந்ததை நானே பார்த்தேன்.

மோரிப் பக்கம் திரும்ப வேண்டிய சந்திக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கை எழுந்தது. திரும்ப வேண்டிய பக்கத்துக் கைதான். வெயில் அதன் வழியே ஊடுருவி ஆரஞ்சாகத் தெரிந்தது. லோரி திரும்பி முடித்ததும் உள்ளே மடங்கிக்கொண்டது.

"குலுக்கல்ல ஸ்பிரிங் விட்டிருக்கும்," என்றேன்.

"இருக்கும் மச்சான்," என்றார் ரவி.

மோரிப்பில் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. சாம்பல் நிறச் சேறு, அதற்கப்பால் ஒரு கோடாகத் தண்ணீர். வேலை நாள் என்பதால் ஆள் நடமாட்டம் குறைவு. இளநீர்க் கடை ஒன்று மட்டும் திறந்திருந்தது. சவுக்கு மரங்களுக்கு அடியில் லோரித் தட்டைச் சாய்த்துக் காரை இறக்கினோம். ஓட்டுநர் பக்கத்துக் கதவு வாயிலிருந்த இரும்புக் கோணத்தைக் கழற்றச் சொன்னார் திருமதி தவமணி.

"கழட்டினா கார் தொங்கிடும் ஆன்டி."

"கொஞ்ச நேரந்தானே. வழியில கம்பி இருந்தா எப்படி இறங்குவார்?"

கழற்றினேன். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். குனிந்து உள்ளே பார்த்து, வீட்டில் பேசுகிற குரலிலேயே சொன்னார்.

"வந்தாச்சு. இதான் மோரிப். இறங்குங்க."

காற்று நின்றிருந்தது. சீட்டுக்குள் ஒரு ஸ்பிரிங் முனகியது. பிறகு இன்னொன்று. நான் தட்டியும் எழாத அந்தப் பள்ளம் மெல்ல, வயதானவர்கள் கைப்பிடியைப் பிடித்து எழுவது போல விட்டுவிட்டு, மேலே எழுந்து சமமானது. ரவியின் விரல்கள் என் கையில் பதிந்தன. மணியம் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துக் கீழே போட்டு மிதித்துவிட்டு நேராக நின்றார்.

திருமதி தவமணி தன் முழங்கையை மடித்துச் சற்றே வெளியே நீட்டினார். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு கடலைப் பார்த்து நடந்தார். அவர் வேகமாக நடக்கிற மனுஷி என்பதை வீட்டில் பார்த்திருக்கிறேன். அப்போது அடி அடியாக, நின்று நின்று நடந்தார். கரைச் சுவர் வரை போய் நெடுநேரம் நின்றார். திரும்பி வரும்போது கை பக்கத்தில் தொங்கியது, நடையும் பழைய வேகத்துக்கு வந்திருந்தது.

"போகலாம் தம்பி," என்றார். கார் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

மணியம் காரோடு சுங்கை வேக்குப் போனார். நாங்கள் திருமதி தவமணியை வேனில் கிள்ளானில் கொண்டுவிட்டோம். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அதே மூன்று நாற்காலிகள். டீ வேளை வந்தது, கடந்தது. கொட்டகையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தும் அவர் விளக்கைப் போடவில்லை. நாங்கள் நிம்மதியாகச் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மூணு வருஷம் தனியா இருந்தேன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றார். "இன்னைக்குத்தான் தம்பி நான் தனியா இருக்கேன்."

அன்று இரவு புஷ்பா போய் அவரோடு தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ரவிதான் அவரை விமான நிலையத்தில் விட்டு வந்தார். மறுநாள் எனக்குத் திருச்சி விமானம். அதற்குள் ஒரு பக்கச் சட்டத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்துக் கொடுத்தேன். மிச்சத்தை ரவி மெதுவாகச் செய்துகொள்வார். சீட்டை மட்டும் அவர் பிரிக்கவில்லை. புது ஸ்பிரிங் தேவையில்லை மச்சான், நல்லா நிமிர்ந்துதானே இருக்கு என்கிறார்.

எங்கள் ஊரில் கார்கள் வேறு மாதிரி கெடும். திருச்சி வெயிலில் பெயின்ட் வெளுக்கும், ரப்பர் வெடிக்கும், சீட்டுத் தோல் பாளம் பாளமாகப் பிளக்கும். இரும்பு மட்டும் நிற்கும். கெட்டதெல்லாம் வெளியே தெரிந்துவிடும். கிள்ளானில் மேலே பச்சை பளபளக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது, என்ன போய்விட்டது என்று கையை விட்டுப் பார்த்தாலும் தெரிவதில்லை.

இப்போதெல்லாம் வொர்க்‌ஷாப்புக்குப் பழைய கார் ஏதாவது வந்தால், கதவைத் திறந்ததும் நான் உடனே ஏறி உட்காருவதில்லை. கொஞ்சம் விலகி நின்று வழி விடுகிறேன்.