பீகாருக்காக ஜெபித்த வீடு

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்குள் அந்த டெங்குக் காய்ச்சல் நுழைந்தது ஓர் அக்டோபர் மாதம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. முதலில் தரைத்தளத்துப் பெரியவர். ஒரே வாரத்தில் அவரைப் பாடையில் கொண்டுபோனார்கள். அடுத்தது முதல் மாடி, பிறகு இரண்டாம் மாடி. நாங்கள் மூன்றாவதில் இருந்தோம். கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டு, "ஆண்டவரே, எங்க வீட்ட மட்டும் தொடாம போகட்டும்" என்று ஜெபித்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளிதோறும் எங்கள் வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம். திருநெல்வேலியில் பழகிய வழக்கப்படி, சுவரில் வட இந்திய வரைபடம் தொங்கும். வாரம் ஒரு மாநிலத்துக்காக ஜெபிப்போம். டெல்லிக்கு மாற்றலாகி வந்தபோது அதையும் சுருட்டி எடுத்து வந்திருந்தோம். வட இந்தியாவுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, அது எங்கோ கண்காணாத தேசம் என்பதுபோலக் கண்ணீர் விட்டு ஜெபித்த புத்திசாலிகள் நாங்கள்! அந்த வெள்ளி பீகாரின் முறை. நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள். மாடிப்படிக்குக் கீழே இஸ்திரி போடும் கமலா. பீகார்க்காரி. "அச்சா, அச்சா" என்று துணியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு, பீகாருக்காக ஜெபத்தைத் தொடர்ந்தேன்.

ஞாயிறன்று என் மகள் ஜெபாவுக்குக் காய்ச்சல் கண்டது. புதனன்று ஈறிலிருந்து இரத்தம் கசிந்தது. மருத்துவமனையில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். ஜெபாவின் காலடியில் ஒரு சின்னப் பெண் சுருண்டு கிடந்தாள். அருகில் நின்றவள் கமலா! காய்ச்சல் மாடிப்படிக்குக் கீழேயும் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

உடனே இரத்தம் ஏற்ற வேண்டும், ஓ நெகட்டிவ் வேண்டும் என்றார் டாக்டர். எனக்கும் என் கணவருக்கும் சேரவில்லை. ஜெபக்கூட்டத்து ஆட்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒருவருக்கும் சேரவில்லை. பக்கத்துக் கட்டிலில் முனகிக்கொண்டிருந்த குழந்தையின் சத்தம் நின்றது. துணியால் மூடி எடுத்துப்போனார்கள். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேற ஆஸ்பத்திரில கேட்டுப் பாப்போமா?" என்றார்.

"எங்க போய்க் கேக்கதுக்கு? பிள்ளைய விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்."

கூட்டம் முடிக்கும்போது நாங்கள் சொல்லும் சங்கீதம் வாயில் வந்தது. தேவன் எங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று அது தொடங்கும். அடுத்த வரியில் நா ஒட்டிக்கொண்டது. அந்த ஆசீர்வாதம் எதற்கு என்று அந்த வரி சொல்கிறது. அவருடைய வழி பூமியெங்கும் தெரிவதற்கு, அவருடைய இரட்சிப்பை எல்லா ஜனங்களும் அறிவதற்கு. ஆபிரகாமை ஆசீர்வதித்ததும் பூமியின் வம்சங்கள் எல்லாவற்றுக்காகவும்தானே? அந்த வம்சங்களில் ஒன்று என் மகளின் காலடியில் கிடந்தது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கமலாவிடம் கேட்டேன். "முன்னி" என்றாள். முன்னியின் தலையில் கை வைத்து, எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் ஜெபித்தேன். அதில் ஜெபாவின் பெயரைச் சொன்னேனா என்று நினைவில்லை.

கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தியில் கேட்டாள்: "தீதி, டாக்டர் என்ன ரத்தம் கேட்டாரு? எங்க வீட்டுக்காரரு ஃபேக்டரில ஒரு தடவ குடுத்தாரு. ஏதோ நெகட்டிவ்னாங்க."

அவர் வந்தார். சோதித்தார்கள். சேர்ந்தது! இத்தனை வருடம் நாங்கள் யாருக்காக ஜெபித்தோமோ, அந்தப் பீகார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் மகளுக்காக வந்து படுத்தது. நான் சுவரில் தலை சாய்த்து விம்மி அழுதேன்.

ஜெபா பிழைத்தாள். முன்னியும் எழுந்து உட்கார்ந்தாள். இப்போது எங்கள் கூட்டத்தில் பாதி ஜெபம் இந்தியில்தான். கமலாவும் வந்து உட்காருவாள். அவள் ஞானஸ்நானம் எடுத்துவிட்டாளா என்று ஊரிலிருந்து விசாரிக்கிறார்கள். அதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அவர் என்னிடம் கேட்கிற கணக்கு வேறு.

பிரியமானவர்களே, அவரை நம்பி ஆசீர்வாதம் கேளுங்கள். நிச்சயம் தருவார். ஆனால் பயத்தோடு கேளுங்கள். தந்த கையோடு, "இது யாருக்கு?" என்று அவர் கேட்பார். அப்போது உங்கள் வீட்டாரல்லாத ஒருவர் பெயராவது உங்கள் வாயில் வர வேண்டும்.