மருந்தில்லாத தட்டு

அவள் கட்டுரை தப்பாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு எதைச் சொன்னாலும் பொய்.

தென்காசியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நுண்ணுயிரியல் படித்தவர்கள் அவளும் நானும். அவள் சென்னைக்குப் போய்ப் பேராசிரியை ஆனாள். நான் இங்கேயே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தங்கிவிட்டேன். சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளுக்கு மருந்தை எதிர்க்கும் வலுவைத் தருவது ஒரு மரபணு என்றும், பெரும்பாலான கிருமிகளில் அது இருக்கிறது என்றும் அவள் எழுதிய கட்டுரையை எங்கள் வாட்ஸப் குழுவே கொண்டாடியது. சீசனுக்கு வந்து ஐந்தருவியில் நனைந்த படத்தைப் போட்டாள், அதற்கும் வாழ்த்து. அருவியில் நனைவதில் என்ன சாதனை? எனக்கு வயிறு எரிந்தது.

வேறு ஊர்க் கிருமிகளிலும் அதே முடிவு வருகிறதா என்று சரிபார்க்க ஓர் ஆய்வு அமைப்பு ஆள் தேடியபோது முதல் ஆளாகக் கைதூக்கினேன். அறிவியலுக்காக என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

தென்காசி, ஆலங்குளம் நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து கிருமிகளை வளர்த்தோம். எந்த மருந்துக்கு எது சாகிறது என்று சோதித்து நோட்டில் எழுதினோம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குப்பியில் எடுத்து உறைபெட்டியில் வைத்தோம். மரபணுவைப் படித்துத் தரும் வெளியூர் லேபில் எங்கள் முறை வர மாதங்கள் ஆயின. அதுவரை மேசையில் இருந்தவற்றை கிருமி வளர்க்கும் புதுத் தட்டுக்கு வாராவாரம் மாற்றி வளர்த்து, கடைசியில் அவற்றையே அனுப்பினேன்.

முடிவு வந்தது. அவள் சொன்ன மரபணு பெரும்பாலானவற்றில் இல்லவே இல்லை. அன்று லேபில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவள் தவறை எவ்வளவு பணிவாகச் சுட்டிக்காட்டலாம் என்று நான்கு விதமாக மெயில் எழுதிப் பார்த்தேன்.

எங்கள் லேப் டெக்னீசியன் பெண் பழைய நோட்டோடு வந்தாள்.

"அக்கா, இதெல்லாம் மருந்துக்குக் கேக்கலன்னு நீங்களே எழுதியிருக்கிய. இப்ப மரபணு இல்லன்னு வருது. அது எப்படி?"

உடனே புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன். அந்த மரபணு கிருமிக்குள் தனியாக ஒரு சின்ன வளையத்தில் இருக்கும். தட்டில் மருந்து கலந்திருந்தால்தான் கிருமி அதை விடாமல் வைத்திருக்கும். மருந்தில்லாத தட்டில் மாதக்கணக்கில் வளர்த்தால் வேண்டாத சுமை என்று உதறிவிடும். வருடா வருடம் நான் நடத்தும் பாடம் அது. தட்டில் மருந்து கலக்க மறந்தது நான்தான்.

நோட்டை மூடி வைத்திருக்கலாம். இரண்டு நாள் அப்படியே வைத்தேன். அப்படி ஜெயித்தால் சென்னையில் இருக்கும் அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் உறைபெட்டியைத் திறந்து, பழைய குப்பிகளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினேன். அவள் சொன்னது அப்படியே வந்தது. முடிவு சரி என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"ஏட்டி, இத்தன மாசமா எனக்கு உறக்கமே இல்ல. வேற யாரு செஞ்சிருந்தாலும் கவலப்பட்டிருக்க மாட்டேன். நீ செய்யுதேன்னு கேட்டதும்தான் பயமே வந்துச்சு. தப்பு இருந்தா நீ புடிச்சிருவேல்லா."

அவள் தூங்கவில்லை என்றதில் எனக்குச் சந்தோஷம்தான். தப்பைப் பிடிக்கவும் செய்தேன், ஆனால் அது என்னுடையது. அதை மட்டும் அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.