இரண்டு கோட்டுக்கும் நடுவே நாலு வீடு

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தற்காலிக ஆள் எடுத்தபோது பிரேமலாவுக்கு வயது நாற்பத்தெட்டு. மலேசியாவில் பெக்கோக் என்ற சின்ன ஊரில் பிறந்தவள். பதினெட்டு வயதில் பெக்டரி வேலைக்கென்று ஜொகூர் பாருவுக்கு வந்து, தெப்ராவில் முப்பது வருஷம் ஒரே கம்பெனியில் உழைத்தாள். கம்பெனி மூடியதும் இந்த வேலைக்கு மனுப்போட்டாள். உட்கார்ந்து எழுதுகிற வேலை என்று நினைத்துவிட்டாள். முதல் வாரத்திலேயே முழங்கால் வீங்கிவிட்டது.

அவளுக்குக் கிடைத்தது உலு திராம் பக்கம், மாவட்டத்தின் ஓரம். நேற்றுவரை செம்பனைத் தோட்டமாக இருந்த மண்ணில் தாமான்கள், புதுக் குடியிருப்புகள், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கேட். எந்தத் தெருவை முடித்தோம், எது பாக்கி என்று அவளுக்கே குழம்பியது. கொரோனாவால் சிங்கப்பூர் எல்லையை மூடியிருந்த வருஷம் அது. பாதி வீடுகளில் வேலைக்குப் போன ஆண்கள் அந்தப் பக்கம் மாட்டியிருந்தார்கள். எட்டு மாதமாகப் புருஷனைப் பார்க்காத ஒருத்தி கதவைப் பாதி திறந்து, அவர் இந்த வீட்டு ஆள்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிரேமலா எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம், கடைசித் தாமானின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய வாய்க்கால் வந்தது. அதன்மேல் பலகைப் பாலம். அந்தப் பக்கம் செம்பனைக்குள் தகரக் கூரை போட்ட நாலு வீடுகள். பாலத்தருகே புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் இயந்திரத்தை நிறுத்தினார். ஸ்டானிஸ்லாஸ் என்று பெயர். முன்பு லாரி ஓட்டியவர்.

"எங்களையும் எழுதுவீங்களா, தங்கச்சி?"

அவள் வரைபடத்தில் கோடு வாய்க்காலோடு நின்றது. மேற்பார்வையாளர் சுகுமாறனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் கோத்தா திங்கி மாவட்டம், அங்கத்து ஆள் வருவார் என்றான். அதை அவள் சொன்னதும் ஸ்டானிஸ்லாஸ் கோபப்படவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னாலும் ஒருவர் இதே இடத்தில் நின்று இதையேதான் சொன்னார் என்றார். அப்புறம் யாரும் வரவில்லையாம்.

அந்த வாரம் முழுக்க அது அவளை அரித்தது. விசாரித்து விசாரித்து, கோத்தா திங்கி பக்கம் கணக்கெடுக்கும் லோஷினியின் நம்பரைப் பிடித்தாள். அந்தப் பெண் அனுப்பிய வரைபடத்தில் எல்லை வாய்க்காலுக்கு அப்பால் அரை கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஓடையில் இருந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் அந்த நாலு வீடுகள். ஸ்டானிஸ்லாஸ் சொன்ன கணக்கில் ஒன்பது பேர்.

விட்டிருக்கலாம். கேட்கப் போகிறவர் யாருமில்லை. அவள் பங்குக்கே இன்னும் இருநூறு வீடு பாக்கி. வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாள் காலை பஸ் பிடித்துப் பட்டணத்து அலுவலகத்துக்குப் போனாள். மத்தியானம்வரை காத்திருந்து, இரண்டு வரைபடங்களையும் சுகுமாறன் மேசையில் வைத்தாள்.

அவனுக்கும் தூக்கமில்லாத முகம். "ஒம்பது பேருதானக்கா. பதினஞ்சு லட்சத்துக்கு மேல உள்ள மாவட்டம் இது."

"அந்தப் பதினஞ்சு லட்சத்துல இவங்க இல்லையே, தம்பி."

அவன் இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான். பிறகு யாருக்கோ போன் போட்டான்.

அனுமதி வர மூன்று வாரம் ஆனது. கணக்கெடுப்பின் கடைசி நாட்களில், நல்ல மழையில், பிரேமலா குடையோடு பாலத்தைத் தாண்டினாள். முதல் வீடு பூட்டிக் கிடந்தது. அங்கிருந்த மகேஸ்வரன் குடும்பம், மூன்று பேர், போன வாரம்தான் தெப்ராவில் ஒரு பிளாட்டுக்குப் போய்விட்டதாக ஸ்டானிஸ்லாஸ் சொன்னார். இவர்கள் போவதற்குள் அங்கே கணக்கெடுப்பு முடிந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் நம்பர் வாங்கி அவள் மகேஸ்வரனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மிச்சமிருந்த ஆறு பேரை எழுதினாள். ஸ்டானிஸ்லாஸ் மனைவி டொரத்தி அடையாள அட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து நீட்டினாள். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவள், கல்யாணம் ஆனதிலிருந்து என்றாள். அதைப் படிவத்தின் கட்டத்துக்குள் எப்படிப் போடுவது என்று தெரியாமல் பிரேமலா கல்யாண வருஷத்தைக் கேட்டாள்.

தெப்ராவில் அந்தப் பகுதியைப் பார்ப்பவர் யார் என்று கேட்டு, சுகுமாறனுக்கு மகேஸ்வரனின் நம்பரை அனுப்பிவைத்தாள். பதில் வரவில்லை. மழை விடாததால் டொரத்தி இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றினாள். பிரேமலா வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.