கூரை கழற்றும் ஹேமநாத்

பின்சீட்டில் மல்லாந்து சாய்ந்துகொண்டு காரின் உள்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார் ஹேமநாத். கூரைத் துணி மாற்றுவதற்காகவே திருப்பதியிலிருந்து வந்த டாக்ஸிக்காரர் நாகபூஷணம் வெளியே நின்று மணி பார்த்தார். பார்க்கட்டும். கூரைத் துணியை ஒரு முறை முழுசாகப் பார்க்காமல் இந்த மனுஷர் ஸ்க்ரூவில் கை வைக்கமாட்டார்.

திருமலைக்குப் போய்வரும் வண்டி என்பதைத் துணியே சொல்லும். மலைப்பாதை வளைவுகளில் மொட்டைத் தலைகள் இடித்து இடித்து, மேலெல்லாம் சந்தனக் கறை. "மொட்ட போட்டுக்கினு, ஈரச் சந்தனத்தோட அப்டியே ஏறிக்கறாங்க. முடி சாமிக்கு, கறை எனக்கு" என்பார் ஹேமநாத். சிரிப்பது அப்போது மட்டும்தான்.

சித்தூரில், புத்தலப்பட்டு ரோட்டோரம் கடை. சீட் கவர் தைப்பது மனைவி மல்லிகா. கூரை வேலை இவருடையது. கொஞ்ச நாளாகவே இவருடைய வலது தோள் இவர் பேச்சைக் கேட்பதில்லை. கையை மேலே தூக்குகிற வேலையே கூடாது என்றுவிட்டார் டாக்டர். "அத்த உட்டுட்டா நா எதுக்கு கடைக்கு வரணும்?" என்று மல்லிகாவிடம் எரிந்து விழுந்தவர், வாடிக்கைக்காரர்களிடம் மூச்சு விடவில்லை. வீம்பு, வேறென்ன?

விளக்கு, கைப்பிடிகள், வெயில் மறைப்பு எல்லாம் இறங்கின. ஓரத்துக் கிளிப்புகளை ஒன்றுகூட உடையாமல் நெம்பி எடுத்தார். துணி ஒட்டிய அட்டை தளர்ந்து அவர் தலைமேல் உட்கார்ந்தது. பழைய பஞ்சு தூள்தூளாகக் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. இனி முன்சீட்டுகளைச் சாய்த்து, பின்கதவு வழியாக அட்டையை மடங்காமல் உருவ வேண்டும். மடங்கினால் போச்சு, புதுத் துணி ஒட்டினாலும் கோடு தெரியும்.

"ஒரு கை புடிக்கட்டுமாண்ணா?" என்றார் நாகபூஷணம்.

"தொடாத. நானே இஸ்துக்கறேன்."

அட்டை பாதி வெளியே வந்தபோது வலது கை தொப்பென்று விழுந்தது. தையல் மிஷின் சத்தத்தையும் மீறி அட்டை முறிகிற சத்தம் கேட்டது. மல்லிகா மிஷினை நிறுத்திவிட்டார்.

சீட் கவருக்காகக் காத்திருந்த நான் எழுந்து வந்து பார்த்தேன். அட்டை பழசு என்று சமாளிப்பார் என்றுதான் நினைத்தேன். "தப்பு என்துதான். கை தூக்க முடில. சொல்லாம உட்டுட்டேன்" என்றார்.

"பர்வாலேதுண்ணா. வேற அட்டை பாத்துக்கலாம்" என்றார் நாகபூஷணம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், பாவம்.

சாயங்காலம் ஏர்பேட்டிலிருந்து ஒருவர் வந்து காரை நிறுத்தினார். "மேல்துணி தொங்குதுங்க. உங்களாண்டதான் காட்டணும்னு சொல்லி அனுப்னாங்க."

ஹேமநாத் எழுந்து நின்றார். இடது கையை நீட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு சீட் கவர் கடையைக் காட்டினார்.